தரையில் வைத்த துப்பாக்கி

பார்சுவநாதர் துணை

மேல்சித்தாமூர்,
ஆவணி 24.

மஸ்கட்டில் இருக்கும் என் மகள் அனந்திக்கு, உன் அம்மா ரத்னம் எழுதுவது. நீ உடம்புக்குச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை இரண்டு தரம் பெய்தது. வேர்க்கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். சுடக் கற்றுக்கொடுத்த துரைக்கண்ணு, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் மூன்று பேர்: போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற வல்லத்துக் கலைச்செல்வி, செஞ்சியில் செல்போன் கடை வைத்திருக்கிற எழிலன், உன் மகள் ஜினிஷா. எங்களைக் காரில் கொண்டுபோய் விட்ட உன் அண்ணன் கோமதேஷ். வேலி தாண்டி வந்த உன் புருஷன் விருஷபதாஸ். அப்புறம் நான். ஆக ஏழு பேர். எட்டாவதாக ஒருத்தரும் இல்லை. வேறு யாராவது உனக்குப் போன் செய்து அங்கே நடந்தது இது என்று சொன்னால், அப்போது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று கேள்.

கோமதேஷ் உனக்கு ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறான். ஜினிஷா பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், அவள் அப்பா மேல் புகார் ஒன்றும் இல்லை, இனிமேல் அவள் வந்தவாசியில் அப்பா வீட்டில் இருந்து படிப்பாள் என்று அதில் இருக்கிறது. பெற்ற தாய் நீ கையெழுத்துப் போட்டால் போதுமாம். போடுவதற்கு முன் இதைப் படி. போனில் பேசலாம் என்றால் கோமதேஷ் பக்கத்திலேயே நிற்கிறான். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு நாளாக இதை எழுதுகிறேன்.

துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறேன் என்று அவள் வந்து கேட்டது ஆடி மாதம் பத்தாம் தேதி. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழித்தே எடுத்து வந்துவிட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாள், புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. நான் மூன்று நாள் முடியாது என்றேன். தண்ணீரை வடிகட்டி, வடிகட்டின துணியைக்கூடக் கிணற்றிலேயே அலசுகிற சமண வீட்டில் கொலைக் கருவியா என்று கத்தினேன். அவள் சொன்னாள், “ஆயா, அது காத்துல சுடற துப்பாக்கி. சுடறது காகிதத்த. காகிதத்துக்கு உசுரு இருக்குதா?” அப்படியென்றால் எதற்கடி சுட வேண்டும் என்று கேட்டேன். “கை நடுங்காம இருக்கறதுக்கு” என்றாள்.

அவள் கை நடுங்குவது உனக்குத் தெரியுமா? உனக்குத் தெரியாது. நீ மஸ்கட் போய், அவள் என்னிடம் வந்த பிறகு நான் கண்டுபிடித்தது. மண்டிச் சாவிக்கொத்தால் உன் புருஷன் உன் இடது காதில் அடித்து, தோடு சதைக்குள் போன அன்றைக்கு, அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை, நீ அரைத்து வைத்த இட்லி மாவு பாத்திரத்தோடு கவிழ்ந்து கிடந்தது. ஒன்பது வயது அவளுக்கு. அன்றையிலிருந்து தம்ளரை இரண்டு கையால்தான் பிடிப்பாள். பரீட்சையில் முதல் பக்கம் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் சரி என்றேன். நானும் வருவேன், நீ சுடுகிற இடத்தில் பூச்சி எறும்பு சாகாமல் நான்தான் பெருக்குவேன் என்றேன்.

ராஜகிரி மலை தெரிகிற ஒரு மாந்தோப்பு. ஒரு பக்கம் பாறை, அதற்கு முன்னால் மண்மூட்டை அடுக்கி, இரும்புக் கம்பி நட்டு, அதில் அட்டை மாட்டியிருந்தார்கள். அட்டையில் கறுப்பு வட்டம். பத்து மீட்டர் தள்ளி சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாய் விரித்துக் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். நான் துடைப்பத்தோடு போய் மூன்று பாயையும் தூக்கி அடியில் பெருக்கினேன். துரைக்கண்ணு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னாம்மா, இது ரேஞ்சா கோயில் பிரகாரமா?” என்றார். எறும்புக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். அந்த மனிதர் சிரித்தாரே தவிரக் கோபப்படவில்லை. மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு எறும்பை ஊதி விட்டார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முதல் பாடம் சுடுவது இல்லை, சுடாமல் இருப்பது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு மனுஷனோ மாடோ வந்துவிட்டால் அவர், “நிறுத்து! கை எடு!” என்று கத்துவார். உடனே துப்பாக்கியைத் திறந்து, குண்டு இல்லை என்று காட்டி, வாய் மண்மூட்டையைப் பார்க்கத் தரையில் வைத்து, எழுந்து, இரண்டு அடி பின்னால் போய், கையைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். அவர் மறுபடி சொல்லும் வரை அதை விரலால்கூடத் தொடக் கூடாது. தாய் செத்தாலும் தொடக் கூடாது என்று அவரே சொன்னார்.

அந்தப் பாடத்தை அவர்கள் நன்றாகக் கற்றதற்குக் காரணம் நான்தான். அட்டைக்குக் கீழே ஒரு கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. நான் பாட்டுக்கு நடந்து போய்விட்டேன். “நிறுத்து! கை எடு!” அப்புறம் ஒரு ஓணான். அப்புறம் மண்மூட்டைச் சந்தில் பல்லி முட்டை இருக்குமோ என்று ஒரு சந்தேகம். சனிக்கிழமை மட்டும் ஒன்பது தடவை நிறுத்தினார். எழிலன், “ஆயா, நாங்க சுடக் கத்துக்க வந்தமா, கை கட்டக் கத்துக்க வந்தமா?” என்றான். ஒன்பது தடவையும் முதலில் வைத்துவிட்டு முதலில் பின்வாங்கி நின்றவள் ஜினிஷா. சாயங்காலத்துக்குள் அது அவள் உடம்பில் ஏறிவிட்டது.

சுட்டதையும் சொல்கிறேன், நீ கேட்க வேண்டும். முதல் ஐந்து குண்டும் பாறைக்குப் போனது. துரைக்கண்ணு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பாதி விட்டு மீதியைப் பிடித்துக்கொள், விரலை இழுக்காதே, பிழிவது போல அழுத்து என்றார். கடைசிப் பத்தில் எட்டு கறுப்பில் விழுந்தது. எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கவில்லை. அனந்தி, நான் எத்தனையோ பூசைக்கு நின்றிருக்கிறேன், அந்த மாதிரி ஒரு நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை.

அப்போது கோமதேஷ் அவளைத் துப்பாக்கியோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான். உனக்கு அனுப்ப என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. மூன்று பேரும் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். விருஷபதாஸ் வாசல் வழியாக வரவில்லை. ஏரிக்கரையில் புல்லட் வண்டியை விட்டுவிட்டு, முள்வேலியைத் தாண்டி, பாறைப் பக்கமாக, அட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தான். துரைக்கண்ணு பார்த்தார். யாரோ வழிப்போக்கன் என்று நினைத்து, “நிறுத்து! கை எடு!” என்றார். மூன்று பேரும் திறந்தார்கள், வைத்தார்கள், எழுந்தார்கள், பின்வாங்கினார்கள், கை கட்டினார்கள். அவன் நேராக நடந்து வந்தான். இங்கே வராதீங்க, ஆபத்து என்று குறுக்கே போன துரைக்கண்ணுவை மார்பில் கை வைத்துத் தள்ளினான். முழங்கால் மாற்றின மனுஷன். கல்லில் விழுந்தவர் எழவில்லை.

உன் மகளுக்கு அவன் யார் என்று தெரிந்துவிட்டது. அவள் ஓடவில்லை. கை பின்னால்தான் இருந்தது.

அவன் தரையில் இருந்த அவள் துப்பாக்கியை எடுத்தான். குழாய்ப் பக்கம் பிடித்துக் கட்டையைத் தூக்கினான். “நைனார் வூட்டுப் பொண்ணு கொலக் கருவி தூக்குறியா?” என்று கேட்டு முதல் அடியைத் தோளில் போட்டான். பச்சைப் புளியங்கிளை முறிகிற சத்தம். “நம்ம தர்மம் இன்னாடி?” என்று கேட்டு இரண்டாவதை வாயில். இரண்டு பல் பாயில் விழுந்தது, நான் பெருக்கின இடத்தில். அவள் சுருண்டு விழுந்த பிறகு, “அகிம்சை! சொல்லு, அகிம்சை!” என்று முதுகில் மூன்றாவது. தர்மம் சொல்லிச் சொல்லி அடித்தான். அவள் வாயில் ரத்தம் நிறைந்திருந்ததால் அவன் கேட்டதைச் சொல்ல முடியவில்லை.

இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: நான் கத்தினேன். அவன் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்னாலேயே கத்தினேன். ஜினிஷா, எடு, அவன் கண்ணைப் பார்த்துச் சுடு என்று கத்தினேன். கம்பளிப்பூச்சிக்காக நடந்து போனவள் நான்தான், இதைச் சொன்னதும் நான்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “மாஸ்டர் சொல்லல ஆயா” என்றாள். அவள் கடைசியாக முழுப் பல்லோடு சொன்னது அது.

நான் ஏன் ஓடிப்போய்த் தடுக்கவில்லை என்று நீ கேட்பாய். ஓடினேன். பின்னாலிருந்து கோமதேஷ் என் இரண்டு கையையும் பிடித்தான். என் மார்புக்கு முன்னால் சேர்த்து முறுக்கிப் பிடித்தான். “அப்பன் பொண்ண அடிக்கறான், நீ நடுவுல போவாதம்மா. ரெண்டு அடி வெச்சா அடங்கிடுவா” என்று என் காதில் சொன்னான். சத்தம்கூடப் போடவில்லை, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சொன்னான். மூன்று அடியையும் நான் அவன் பிடியில் நின்றுதான் பார்த்தேன்.

பிறகு குனிந்து அவன் கையைக் கடித்தேன். சுண்டு விரலுக்குக் கீழே உள்ள சதை. நான் விடவில்லை. எழுபத்து நாலு வருஷம் முட்டைகூடப் படாத வாய். என் மகன் ரத்தம் உப்பாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அவன் விட்டான்.

அதற்குள் கலைச்செல்வி பின்னாலிருந்து விருஷபதாஸ் கழுத்தில் துப்பட்டாவைப் போட்டு இழுத்துச் சாய்த்துவிட்டாள். நான் அட்டை மாட்டுகிற கம்பி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் அவன் தலையில் ஒன்று போட்டேன். தோளில் ஒன்று. மூன்றாவதை, நொண்டிக்கொண்டே வந்த துரைக்கண்ணு பிடித்துக்கொண்டார். “போதும்மா, செத்துடுவான்” என்றார். சாகட்டும் என்றுதான் அடித்தேன். பயமுறுத்துவதற்காக அடித்தேன் என்று ஸ்டேஷனில் சொல்லச் சொல்லி உன் அண்ணன் பாடம் நடத்துகிறான். நான் பொய் சொல்ல மாட்டேன்.

எழிலன் முதல் அடியிலேயே ஓடினான். ஆனால் ஏரிக்கரையில் இருந்து ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அதனால் அவன் மேல் பாதிக் கோபம்தான். அவன் கூட்டி வந்தவர்கள் பார்த்தது ரத்தத்தை. அடியை அவர்கள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காறை எலும்பில் தகடு வைத்தார்கள். வலது கை தோளுக்கு மேல் வராது, சரியாக வருஷமாகும் என்கிறார்கள். உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் மூச்சைப் பாதி விட்டு மீதியைப் பிடித்துக்கொள்கிறாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூன்றாம் நாள் வீங்கின வாயோடு என்னைக் கேட்டாள், “நான் எடுத்திருக்கணுமா ஆயா?” என்று. அவள் எடுத்திருந்தால் இன்றைக்கு அவள் எங்கே இருப்பாள்? எடுக்காததால் எங்கே இருக்கிறாள்? நீ செய்ததுதான் சரி என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கோமதேஷ் தானாகச் சொன்னான். போட்டோவை விருஷபதாஸுக்கு அனுப்பியது இவன். வேலிப் பக்கம் வழி சொன்னது இவன். மகளை அனுப்பாவிட்டால் கூட்டாக நடத்துகிற மண்டியைப் பிரித்துக்கொள்வேன் என்று மச்சான் மிரட்டியிருக்கிறான். இவன், வந்து கூட்டிப்போ என்று சொல்லியிருக்கிறான். “அடிப்பான்னு நெனைக்கலம்மா” என்றான். பிறகு எதற்கு என் கையைப் பிடித்தாய் என்று கேட்டேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையில் நாலு தையல். தெருவில் கேட்பவர்களிடம் நாய் கடித்துவிட்டது என்கிறான். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று நாய்க்கடி ஊசியும் போட்டுக்கொண்டான். எதிர்வீட்டுத் தைலம்மாள் எந்த நாய் என்று தெருத் தெருவாக விசாரிக்கிறாள்.

இப்போது முந்தாநாள் நடந்தது. பத்து நாள் தசலட்சண விரதம் முடிந்து மன்னிப்பு நாள். இந்த வருஷம் பத்து நாளும் நான் ஒரு வேளைத் தண்ணீரோடு இருந்தேன், அந்தக் கம்பிக்காக. காலையில் எழுந்து ஒவ்வொருத்தரிடமாகப் போனேன். துரைக்கண்ணு வீட்டுக்குப் போய், உங்கள் இடத்தில் ரத்தம் சிந்த வைத்தேன், மன்னியுங்கள் என்றேன். அவர் அழுதார், நான் கை எடு என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. கலைச்செல்வியிடம் கேட்டேன். எழிலனிடம் கேட்டேன். கிணற்றுக் கயிறு விஷயத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் பேசாத தைலம்மாளிடமே கேட்டேன். அவள் மயக்கம் போடாத குறை. இதையெல்லாம் தூக்கிப் பார்த்த பிறகு கயிறு மிகவும் சின்னதாகிவிட்டது.

பத்து மணிக்குக் கோமதேஷ் உன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். தலையில் கட்டு, கையில் தேங்காய். இரண்டு பேரும் கை கூப்பினார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையை மன்னிக்க வேண்டும் என்று உன் புருஷன் சொன்னான். தெருவே வாசலில் நின்றது. மன்னிப்பு நாளில் இல்லை என்று சொல்லுகிற வழக்கம் நம்மில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், அதற்காகவே அந்த நாளைப் பார்த்து வந்தார்கள். மன்னித்தேன் என்று என் வாயில் வந்துவிட்டால், அம்மாவே மன்னித்துவிட்டாள் என்று கோமதேஷ் உனக்குப் போன் பண்ணுவான்.

நான் விருஷபதாஸிடம் சொன்னேன்: “நீ ஒடச்சது என் எலும்பு இல்லடா. யாருது எலும்போ அவ சொல்லணும். நான் யாரு சொல்றதுக்கு?” கதவுக்குப் பின்னால் ஜினிஷா நின்றிருந்தாள். மாட்டேன் என்று உள்ளே இருந்து ஒரே வார்த்தை வந்தது. தெருவில் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். அவள் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது, பாவாடையும் நனைந்திருந்தது. பதினாறு வயசுப் பெண். நான் துடைத்தேன். அவளை வேறு உடுத்தச் சொன்னேன். அந்தப் பயத்தோடு நின்றுதான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். அதை நீ கையெழுத்துப் போட்டு அழித்துவிடாதே.

கையெழுத்துப் போடாவிட்டால் என் மேல் எதிர்ப் புகார் கொடுப்பார்களாம், தலையில் அடித்ததற்கு. கொடுக்கட்டும். ஜெயிலில் பொழுது சாய்வதற்குள் சோறு போடுவார்களா என்று மட்டும் துரைக்கண்ணுவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். எனக்காக நீ பயப்பட வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கலைச்செல்விதான் தபாலில் சேர்க்கிறாள். கிடைத்ததும் அவளுக்குப் போன் செய், கோமதேஷுக்குச் செய்யாதே. அவள் நம்பர் உறையின் பின்னால் இருக்கிறது.

உன்னிடமும் நான் கேட்க வேண்டும். மூன்று தடவை காயத்தோடு வந்தாய். மூன்று தடவையும் தலை வாரி, பூ வைத்து, வந்தவாசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதற்கு நீ என்னை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். அடி வாங்கினவள் நீ. நீ என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் உன்னை ஏற்றிவிட்ட பஸ்ஸில் நீ உன் மகளை ஏற்றிவிடாதே. லீவு கிடைத்தால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார். நீ எந்த ஊரில் இருந்தாலும் உன்மேல் ஒரு கை ஓங்காமல் இருக்கட்டும்.

எனக்கு என்று அன்றைக்குச் செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதை மன்னிப்பதோ விடுவதோ வேறு யாருக்கும் இல்லாத உரிமை, என்னுடையது. முந்தாநாள் உன் புருஷன் பக்கத்தில் கை கூப்பி நின்றவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தையல் போட்ட அந்தக் கையைப் பார்த்தேன், உள்ளே போய்விட்டேன். மன்னிப்பு நாள் இன்னும் எத்தனை வந்தாலும் சரி, என் கொள்ளியை அவன் வைக்கக் கூடாது. அதை நீயோ ஜினிஷாவோ வையுங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா ரத்னம்.

எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதே. ஒருவனை மன்னிக்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்தவன், நான் பெற்றவன், கோமதேஷ்.